பழைய சைக்கிள் திருட்டு வழக்கு: என் பெயரை அழிக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் மேடம். 2009 மார்ச் மாதம், பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு சைக்கிளை எடுத்துப் போய் 700 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். மறுநாளே மாட்டிக்கொண்டேன். சைக்கிளும் திரும்பக் கிடைத்துவிட்டது. திருட்டுக்கான 379ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். எஃப்.ஐ.ஆரில் என் வயது 19 என்று இருந்தது. "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும், இல்லேன்னா வருஷக்கணக்கா அலையணும்" என்று ஏட்டு சொன்னதால் கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். கோர்ட் கலையும் வரை சிறை, 500 ரூபாய் அபராதம். அதற்குப் பிறகு எந்த வம்புக்கும் போனதில்லை. என் பிறந்த தேதி 1991 ஜூன். கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள். பின்னால் குவைத் போகிற எண்ணமும் இருக்கிறது. 40,000 ரூபாய் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா? சைக்கிள்காரர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார், என் கல்யாணத்துக்கு வந்து மொய்கூட எழுதினார். என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது.

பதில்: தம்பி, முதலில் அந்த 40,000. கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் திரும்பக் கேளுங்கள், தராவிட்டால் போனது போகட்டும், ஆனால் அவர் கொண்டுவந்து நீட்டுகிற எந்தக் காகிதத்தையும் எங்கேயும் காட்டாதீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இப்படி வாங்கிய "வழக்கு ஏதும் இல்லை" சான்றிதழ் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். தாளும் கையெழுத்தும் பார்க்க அசலாகத்தான் இருந்தன, ஆனால் ரப்பர் ஸ்டாம்பில் "கண்காணிப்பாளர்" என்பதில் ஒரு கால் காணாமல் போயிருந்தது. அதை அவர் ஏற்கனவே ஒரு கம்பெனியில் கொடுத்துவிட்டார். பழைய அடிதடி வழக்கு ஒன்றில் அபராதம் கட்டியிருந்த மனிதர், இப்போது போலி ஆவணம் கொடுத்த வழக்கில் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். உங்கள் தண்டனை ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை. கோர்ட் பதிவேட்டில் இருக்கிறது, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கும், கைரேகை எடுத்திருந்தால் அந்தப் பிரிவிலும் இருக்கும். ஒரு ரைட்டரைப் பிடித்து இத்தனை இடத்திலும் அழிக்க முடியாது.

சரி, சட்டப்படி அழிக்க வழி இருக்கிறதா? பிரிட்டனில் 1974லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால் சின்னத் தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. இத்தனை வருஷம் ஆகிவிட்டால் தானாகப் போய்விடும் என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, புகைப்படம் போன்ற அளவீடுகளை 75 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் "தண்டனை இருக்கட்டும், பதிவை மட்டும் எடுங்கள்" என்று கேட்க இங்கே வழியில்லை. தண்டனையையே உடைக்க வேண்டும், அல்லது அதனால் வரும் தகுதியிழப்பை நீக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் உடைக்க வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன். கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிறந்தது 1991 ஜூன். சம்பவம் 2009 மார்ச். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், அன்றைக்கு உங்களுக்குப் 17 வயது 9 மாதம்தான். எஃப்.ஐ.ஆரில் 19 என்று எழுதியதை இத்தனை வருஷம் நீங்களும் அப்படியே நம்பிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நள்ளிரவில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் "என்ன வயசு?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான், எழுதுகிறவர் என்ன எழுதுவார் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

சம்பவம் நடந்த நாளில் 18 முடியாதவர் என்றால் உங்களை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிறுத்தியிருக்கவே கூடாது. சிறார் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். இதைவிட முக்கியமானது, அன்றைக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடவில்லை. சம்பவத்தன்று நான் சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுசாக முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. 2000ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் 2006இல் 7ஏ பிரிவாக இது சேர்ந்தது, 2015ஆம் வருஷத்துச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு 34 வயது என்பது தடையே இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தது. 1994இல் நடந்த கொலை வழக்கு, அப்போது அவருக்கு 14 வயது. மரண தண்டனை வரை போய், குடியரசுத் தலைவரிடம் கருணை மனு போய், கால் நூற்றாண்டு சிறையில் கழிந்த பிறகு அந்த ஒரு வாதத்தில்தான் வெளியே வந்தார். அதோடு வைத்துப் பார்த்தால் உங்கள் சைக்கிள் எம்மாத்திரம்.

வயதை எப்படி நிரூபிப்பது என்பதற்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளியில் கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்பு எக்ஸ்ரே எடுக்கிற மருத்துவப் பரிசோதனை. எஃப்.ஐ.ஆரில் எழுதின வயது இந்த வரிசையிலேயே இல்லை. நீங்கள் பிளஸ் டூ வரை படித்தவர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தேதி இருக்கும். எடுத்துப் பாருங்கள். அதில் 1991 ஜூன் என்று இருந்தால் வேலை பாதி முடிந்தது. சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்திருப்பார்கள். அப்படி மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றிதழும் ஒத்துப்போகாவிட்டால், மனு போடும் முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எதிர்த் தரப்பு அதைக் கோர்ட்டில் எடுத்து நீட்டும்போது தெரிய வந்தால் சங்கடம்.

அப்புறம் நடைமுறை. தண்டனை கொடுத்த கோர்ட்டில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை மூன்றையும் வாங்க வேண்டும். இதற்கு வழக்கு எண் தேவை, சி.சி. என்றோ எஸ்.டி.சி. என்றோ ஆரம்பிக்கும். எண் நினைவில்லாவிட்டால் ஸ்டேஷன் பெயர், வருஷம், குற்ற எண் வைத்துப் பதிவேட்டில் தேடலாம். அபராதம் கட்டிய ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், எனக்கு இரண்டு வழக்குகளில் எண் அப்படித்தான் கிடைத்தது. இத்தனை வருஷம் ஆனதால் வழக்குக் கட்டை அழித்திருக்கவும் கூடும். அப்படியென்றால் "கட்டு அழிக்கப்பட்டது" என்பதையே எழுத்தில் வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் உங்கள் வழக்குக்கான பதிவின் நகலையும் கேளுங்கள். இதெல்லாம் கையில் வந்ததும் செஷன்ஸ் கோர்ட்டில் காலதாமத மன்னிப்பு மனுவோடு மேல்முறையீடோ, கீழ்க் கோர்ட் உத்தரவு சரியா என்று பார்க்கக் கேட்கிற சீராய்வு மனுவோ போட்டு, அதிலேயே சிறார் என்ற கோரிக்கையை வைப்பது எனக்குப் பிடித்த வழி. தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே தனி மனுவாகப் போடுகிற வக்கீல்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறில்லை.

கோரிக்கை ஏற்கப்பட்டால் மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனை செல்லாததாகக் கருதப்படும், விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். "செல்லாதது தண்டனைதானே, குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்குமே" என்று அரசு வக்கீல் வாதாடலாம், அப்படிச் சொன்ன தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் கையாளப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது, உரிய காலத்துக்குப் பின் அந்தப் பதிவுகளையே அழிக்க உத்தரவிட வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டில் பதிவை அழிப்பது என்று சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஒரு இடம்தான். 2019இல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வேலை சம்பந்தமான வழக்கு ஒன்றில், சிறுவயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் சொன்னது. ஆகவே உங்கள் மனுவில் "தண்டனையை ரத்து செய்க" என்பதோடு நிறுத்தாமல், பதிவுகளை அழிக்க உத்தரவிடவும் தனியாக ஒரு வரி கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு அதற்காகவே இன்னொரு மனு போட வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை மார்க் ஷீட்டில் வேறு தேதி இருந்து, அன்றைக்கு உங்களுக்கு 18 தாண்டியிருந்தது என்று ஆகிவிட்டால்? பாதை கடினமாகும், ஆனால் அடைபடாது. பெரிய முட்டுக்கட்டை நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நான் ஜூனியராக இருந்தபோது திங்கள்கிழமைகளில் கோர்ட்டில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள், பெயரைக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகக் கூண்டுக்குப் போவார்கள், "ஒத்துக்கிறியா?" என்ற கேள்வி முடியும் முன்பே "ஆமாங்கய்யா" வந்துவிடும். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த "ஆமாங்கய்யா" தங்கள் பெயருக்குப் பின்னால் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவு அல்லது சட்டப்பூர்வம் பற்றி மட்டும்தான் மேல்முறையீடு செய்ய முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375ஆம் பிரிவு, இன்றைக்கு அதன் இடத்தில் வந்திருக்கிற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 416.

அந்தச் சின்ன இடைவெளியே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். 1958ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதல் முறை 379இல் மாட்டியவரை எச்சரித்து விட்டுவிட 3ஆம் பிரிவு, நன்னடத்தைப் பிணையில் விட 4ஆம் பிரிவு. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் 6ஆம் பிரிவு இன்னும் கறாரானது: நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்காமல், காரணம் எழுதாமல், சிறைத் தண்டனை கொடுக்கக் கூடாது. கோர்ட் கலையும் வரை என்றாலும் அதுவும் சிறைத் தண்டனைதான். இரண்டு நிமிஷத்தில் முடிந்த வழக்கில் அறிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? இதை வைத்து மேல்முறையீடு செய்தால், தண்டனையை எடுத்துவிட்டு எச்சரிக்கையாக மாற்ற செஷன்ஸ் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படி மாறினால் 12ஆம் பிரிவின்படி தண்டனையால் வரும் தகுதியிழப்பு நீங்கும். ஆனால் "குற்றம் செய்தவர்" என்ற முடிவு அழியாது, அரசு ஊழியர்மேல் துறை நடவடிக்கை எடுக்க அது போதும் என்று 1990லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு வேலைக்குப் போகாத உங்களுக்கு இது பெரிய குறை இல்லை.

இன்னொரு கதவு அந்தச் சைக்கிள்காரர். மொய் எழுதினார் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் அது எங்கள் தொழிலில் தங்கம். 379 சமரசத்துக்குரிய குற்றம், பொருளுக்குச் சொந்தக்காரர் சமாதானமாகப் போகலாம். தண்டனைக்குப் பிறகும், மேல்முறையீடோ சீராய்வோ நிலுவையில் இருந்தால், கோர்ட்டின் அனுமதியோடு சமரசம் பதியலாம். சமரசம் பதிவானால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலை. இதில் சிக்கல் காலதாமதம்தான். 30 நாளில் போட வேண்டிய மேல்முறையீட்டைப் பதினாறு வருஷம் கழித்துப் போட்டால் எந்த நீதிபதியும் புருவத்தைத் தூக்குவார். சட்ட உதவி இல்லாமல் ஒப்புக்கொண்டது, பையனாக இருந்தது, விளைவு தெரியாதது, இப்போது வேலை மறுக்கப்படும் நிலை வந்தது என்று உள்ளதை உள்ளபடி பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தேன் என்ற வழக்கமான கதை பதினாறு வருஷத்துக்குத் தாங்காது. அங்கே நடக்காவிட்டால், நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிற உள்ளார்ந்த அதிகாரம் இருக்கிறது. கொடூரமல்லாத குற்றங்களில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் தண்டனைக்குப் பிறகும் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2021இல் ராம்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சைக்கிள்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை பேசி வையுங்கள். பணம் ஏதும் நீட்டாதீர்கள், கையெழுத்துப் போட வர முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

(இதே காரியத்தை இன்றைக்கு 18 வயது முடிந்த ஒருவர் செய்திருந்தால் கதையே வேறு. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. பழைய வழக்குகளுக்கு அது தானாக வந்து ஒட்டாது, ஆனால் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது வக்கீல் நீதிபதியின் காதில் போட்டு வைக்கலாம்.)

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும், ஒரு வருஷமும் ஆகலாம். கம்பெனி படிவம் அதுவரை காத்திருக்காது. அதில் என்ன கேட்டிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். "வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா" என்று மட்டும் கேட்டிருந்தால், இல்லை என்பதே உண்மை. "எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா" என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பழைய திருட்டைவிட இன்றைய பொய்தான் வேலையைக் காவு வாங்கும். சரிபார்ப்புப் படிவத்தில் மறைப்பது பற்றி 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியது: சிறுவயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால் மறைத்ததைக்கூட முதலாளி மன்னிக்கலாம், ஆனால் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் கையில். அது அரசு வேலை சம்பந்தமான தீர்ப்பு, தனியார் கம்பெனிக்கு இன்னும் சுதந்திரம் அதிகம். என்ன எழுதுவது என்று கேட்டால், நான் இப்படி எழுதச் சொல்வேன்: "2009இல், பள்ளியில் படிக்கும்போது, ஒரு சைக்கிள் சம்பந்தமான வழக்கில் 500 ரூபாய் அபராதமும் கோர்ட் கலையும் வரை சிறையும் விதிக்கப்பட்டது. சம்பவத்தின்போது நான் சிறார் என்பதால் அந்தத் தண்டனையை எதிர்த்து மனு தாக்கல் செய்திருக்கிறேன்." மனு எண் கிடைத்த பிறகு படிவம் கொடுக்க முடிந்தால் மிகவும் நல்லது, அதனால்தான் இந்த வாரமே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

குவைத் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்தில், இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தால்தான் அந்தத் தண்டனையைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டம். உங்களுடையது காலத்திலும் அடங்காது, அளவிலும் அடங்காது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மட்டும் பொய் எழுதிவிடாதீர்கள், அது தனிக் குற்றம். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேறு சங்கதி. அதில் பழைய பதிவு தலைகாட்டலாம், அதைப் பார்த்து விசா கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த நாட்டு முடிவு. அதனால் குவைத்தை இந்த உத்தரவு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்தாலும் வேலை முடியவில்லை. கோர்ட்டில் இருந்து ஸ்டேஷனுக்குத் தானாகத் தகவல் போய், யாரோ கம்ப்யூட்டரில் திருத்திவிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சான்றிட்ட நகலை வைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கும் பதிவைத் திருத்தக் கோரி மனு கொடுத்து, ஒப்புதல் சீல் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே உங்களுக்காக ஆன்லைனில் வெரிஃபிகேஷன் போட்டுப் பாருங்கள். பழையது அப்படியே வந்தால், கையில் இருக்கிற அந்தச் சீலை வைத்துத்தான் அடுத்த அடி.

வக்கீல் கட்டணம் கையைக் கடிக்கும் என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். புரோக்கருக்கு எடுத்து வைத்த பணம் இருக்கிறது என்றால் அதில் பாதிகூடச் செலவாகாது என்று நினைக்கிறேன்.

மனைவி விஷயத்தை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குள் நான் மூக்கை நுழைக்கவில்லை, வக்கீலாக ஒன்று மட்டும் சொல்கிறேன். மனு போட்டால் நோட்டீஸ், விசாரணைக்கு வரும் காவலர், மார்க் ஷீட் கேட்டு வக்கீல் ஆபீசில் இருந்து போன் என்று எல்லாமே வீட்டு முகவரிக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் ஷிஃப்டில் இருக்கிற பகல் நேரத்தில். பீரோவில் இருந்து அந்த மார்க் ஷீட்டை எடுக்கும்போதே அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.